உறுதி யாருடைய பெயரில்? ஓர் ஐஸ் ஆலையின் விற்பனையும் மூன்று இடைத்தரகர்களும்

திருகோணமலை நகருக்குச் சற்று வெளியே, கடற்கரையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு கட்டி ஐஸ் ஆலை 2024 ஏப்ரலில் கைமாறியது. 1990களின் நடுப்பகுதியில் அதைத் தொடங்கிய முதலாளிக்கு அப்போது 68 வயது. கடலுக்குப் போவதற்கே பாஸ் எடுக்க வேண்டியிருந்த போர்க்காலத்தையும், 2004 டிசம்பர் சுனாமியையும், மண்ணெண்ணெயும் டீசலும் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்த 2022ஆம் ஆண்டையும் தாண்டி அவர் ஆலையை ஓட்டியிருந்தார். பிள்ளைகள் இருவரில் ஒருவர் கனடாவில், மற்றவர் அவுஸ்திரேலியாவில். இருவரும் திரும்பி வந்து அமோனியாக் குழாய்களோடு மல்லுக்கட்டப் போவதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2022 டிசம்பரில், வாடைக்காற்றுக்கு ஆலை பாதி நிறுத்தப்பட்டிருந்த ஒரு நாளில், விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

அந்த ஆலையின் கணக்கை 11 ஆண்டுகளாக எழுதி வந்தவன் நான். விற்பனைக்குப் பிடித்த 16 மாதங்களில் மூன்று இடைத்தரகர்கள் வந்தார்கள். யாரை இடையில் வைக்கிறோமோ அவருக்குத் தெரிந்த பொருளைத்தான் அவர் விற்றுத் தருவார். ஆள் மாறினால் விற்கப்படும் பொருளே மாறிவிடுகிறது. கணக்குத் தொழிலில் இத்தனை காலம் இருந்தும் இதை நான் அந்த 16 மாதங்களில்தான் விளங்கிக்கொண்டேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருப்பதற்காகச் சில விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். தொகைகளுக்கு இடையிலான விகிதத்தை மாற்றவில்லை.

ஆலையும் அதன் கணக்கும்

நாளொன்றுக்கு 10 தொன் கட்டி ஐஸ் எடுக்கக்கூடிய ஆலை அது. உப்புநீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறக்கிய தகரக் கான்களில் 50 கிலோக் கட்டி உறைந்து முடிய ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். பின்னர் கானைச் சங்கிலிக் கப்பியால் தூக்கிச் சாதாரண நீரில் ஒரு முறை அமிழ்த்தினால், கட்டி தானாகவே வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் வந்து வாடி அடித்துத் தங்கும்போது, அதிகாலை 2 மணிக்கே வாசலில் லொறிகள் நிற்கும். நவம்பரில் மழை பிடித்தால் ஜனவரி முடியும்வரை ஆலை மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கும்.

வியாபாரத்தின் பெரும்பகுதி கடனில் நடந்தது. கடலுக்குப் போகும்போது ஐஸ் ஏறும். மீன் விற்ற பிறகு காசு வரும். அந்தக் கடன் எல்லாம் தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியில் இருந்தது. ஆட்களின் பெயருக்குப் பதிலாகப் படகுகளின் பெயர்கள். எதிரே கட்டிகளின் எண்ணிக்கை. தீர்த்தவற்றின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. 2022 முடிவில் அந்தக் கொப்பியின்படி வரவேண்டியிருந்த தொகை 41 இலட்சம்.

காணியின் நிலை சிக்கலானது. ஆலைக் கட்டடம் நின்றது 62 பேர்ச் (160 பேர்ச் ஓர் ஏக்கர்) உறுதிக் காணியில், அதாவது உரிமைப் பத்திரம் உள்ள காணியில். அது முதலாளியின் மனைவிக்குத் தாய் தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்தது. அதை ஒட்டிய 30 பேர்ச், அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருடாந்த அனுமதிப்பத்திரத்தில் முதலாளியின் பெயரில் இருந்தது. ஜெனரேட்டர் கொட்டிலும் லொறி ஏற்றும் மேடையும் அந்த 30 பேர்ச்சில்தான் நின்றன. வருடாந்த அனுமதிப்பத்திரம் என்பது ஆண்டுதோறும் பிரதேச செயலகத்தில் புதுப்பிக்கப்படுவது. அதை வைத்திருப்பவர் அந்தக் காணியை விற்க முடியாது. புதிதாக வருபவர் தன் பெயரில் வேறாக விண்ணப்பிக்க வேண்டும். இது கச்சேரிப் பக்கம், அதாவது மாவட்டச் செயலகப் பக்கம், போய்வந்த எவருக்கும் தெரிந்த விடயம். ஆனாலும் விற்பனை என்று வந்ததும் மூவரில் இருவர் இதைக் கேட்கவேயில்லை.

பேர்ச் கணக்கில் வந்தவர்

முதலாமவர் உறவினர் ஒருவர் கூட்டிவந்த காணித் தரகர். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிக் காணிகள் பல அவர் கையால் போயிருந்தன. ஆள் சுறுசுறுப்பு, பேச்சில் இனிமை. முற்றத்தில் நின்றபடியே கேட்ட முதல் கேள்வி, “ஐயா, மொத்தம் எத்தின பேர்ச்?” என்பது. 92 என்று சொன்னதும் கைத்தொலைபேசியை எடுத்துப் பேர்ச் நாலரை இலட்சப்படி பெருக்கி, 4 கோடி 14 இலட்சம் என்று காட்டினார். முதலாளியின் முகம் மலர்ந்ததை நானும் பார்த்தேன். அந்தத் தொகையில் 1 கோடி 35 இலட்சம் விற்கவே முடியாத அரச காணிக்கு உரியது என்பதை அந்த நேரத்தில் நானும் வாய்திறந்து சொல்லவில்லை.

நாலரை இலட்சம் எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்டபோது, எண்ணெய்க் குதங்களைக் காரணம் சொன்னார். சீனன்குடாவில் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து 99 குதங்கள் பற்றி 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் கைச்சாத்தானதிலிருந்து, சீனன்குடாவுக்கும் ஐஸ் ஆலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத இடங்களில்கூடத் தரகர்களின் வாயில் காணி விலை ஏறியது. பத்திரிகையில் குதங்கள் என்ற சொல் வரும்போதெல்லாம் ஒரு பேர்ச்சுக்கு ஐம்பதாயிரம் கூடும் என்பது எங்கள் ஊர்ப் பகிடி. அவர் கூட்டிவந்த இருவரும் 3 இலட்சத்துக்கு மேல் பேசவில்லை என்பதையும், இருவருமே ஆலையை உடைத்துவிட்டுக் காணியைத் துப்புரவாகத் தரச் சொன்னார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவருடைய கட்டண முறை இரண்டு வகையாக இருந்தது. ஒன்று வழக்கமான 3 சதவீதம். மற்றது, “உங்கட கைக்கு இவ்வளவு, மேல வாறது எனக்கு” என்ற முறை. இரண்டாவதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே உண்மையான விலை தெரிந்த ஒரே ஆள் தரகர் மட்டுமே. அப்படி ஒருவரை நடுவில் வைத்துவிட்டு அவர் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்பதில் பொருளில்லை.

ஆனால் சேதம் கட்டணத்தால் வரவில்லை. அவர் ஆலையின் உள்ளே நடந்து எடுத்த ஒரு காணொளியை, நல்லெண்ணத்தோடுதான், பல வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார். காணி விற்பவருக்கு எத்தனை பேருக்குத் தெரிகிறதோ அத்தனை நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் வியாபாரத்தை விற்பவருக்கு நிலைமை நேர் எதிர். ஒரு கிழமைக்குள் கரை முழுவதும், “முதலாளி கனடாவுக்குப் போறாராம்” என்ற கதை பரவியது. சீஆர் கொப்பியில் சிவப்புக் கோடுகள் நின்றுபோயின. போகப்போகிறவருக்கு ஏன் அவசரமாகக் கடன் கட்ட வேண்டும் என்று படகுக்காரர் நினைத்தால் அதில் வியப்பில்லை. கம்ப்ரெசரை 19 ஆண்டுகளாகப் பார்த்து வந்த தொழிலாளி, வேறோர் ஆலையில் வேலை கேட்டுப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். அவர் போயிருந்தால் ஆலையை வாங்க வருபவருக்கு விற்பதற்கு இரும்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். பெப்ரவரி முடிவில் அந்தத் தரகரிடம், விற்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம் என்று சொல்லி நிறுத்தினோம். எழுத்தில் எதுவும் இருக்கவில்லை என்பது அந்த ஒரு முறை எங்களுக்குச் சாதகமாயிற்று.

என்னுடைய பிழை

இரண்டாவது தெரிவு என்னுடையது. கொழும்பில் கம்பனிகளை வாங்கவும் விற்கவும் உதவும் ஓர் ஆலோசனை நிறுவனத்தை நான் பரிந்துரைத்தேன். முதல் அனுபவத்துக்குப் பிறகு, முறையாகச் செய்பவர்களிடம் போவதே பாதுகாப்பு என்று நினைத்தேன். அவர்கள் முறையானவர்கள்தான், அதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. இரகசியம் காப்பதற்கான உறுதிமொழியை முதல் நாளே அனுப்பினார்கள்; இளம் அலுவலர் ஒருவர் 260 கிலோமீற்றர் பயணம் செய்து வந்து பார்த்தார்; அழகான ஆங்கிலத்தில் 14 பக்க ஒப்பந்த வரைவு வந்தது.

அதை ஒரு ஞாயிறு மாலை முதலாளி வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மாதம் ஒன்றரை இலட்சம் ஆலோசனைக் கட்டணம், 12 மாதங்களுக்கு. விற்பனை முடிந்தால் கொடுக்கல்வாங்கல் பெறுமதியில் 5 சதவீதம். ஆனால் அது 25 இலட்சத்துக்குக் குறையக்கூடாது. அந்தப் பெறுமதிக்குள் விலை மட்டுமல்லாமல், வாங்குபவர் ஏற்றுக்கொள்ளும் கடன், எதிர்காலத்தில் வரும் குத்தகைப் பணம் ஆகியனவும் அடங்கும். ஒப்பந்தம் முடிந்து 24 மாதங்களுக்குள் யாருக்கு விற்றாலும், அந்த ஆளை அவர்கள் அறிமுகம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், கட்டணம் உண்டு.

அதுவரை பேசாமல் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி கேட்டார்: “தம்பி, பேச்சு முறிஞ்சு ஒருத்தரும் வாங்காட்டிலும் மாசக் காசு கட்டத்தான் வேணுமோ?” ஆம் என்றேன். “அப்ப அவைக்கு என்ன அவசரம்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மாதக் கட்டணம் தன்னளவில் தவறானதல்ல. நூறு கோடிக்குப் போகும் ஒரு கம்பனியை விற்க, நிதி அறிக்கைகளைத் தயாரித்து, உலகெங்கும் வாங்குவோரைத் தேடி, ஓராண்டு உழைப்பவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்தாவது வரவேண்டும். அந்த அளவிலான விற்பனைகளில் லேமன் சூத்திரம் எனப்படும் முறை உலகெங்கும் பரிச்சயமானது: முதல் மில்லியன் டொலருக்கு 5 சதவீதம், அடுத்ததற்கு 4, பின்னர் 3, 2 என இறங்கி, மிகுதிக்கு 1 சதவீதம். எங்கள் ஆலையின் முழுப் பெறுமதியும் அந்த முதல் படியின் பாதியைக்கூட எட்டாது. கருவி நல்லது, வேலைக்குப் பெரிது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், கடைசியில் நடந்த விற்பனைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 25 இலட்சமும் மாதக் கட்டணங்கள் 18 இலட்சமுமாக 43 இலட்சம் போயிருக்கும். இதற்கு மேலாக, உறுதியில் இருந்த பெயர் மனைவியுடையது என்பது அந்த 14 பக்கங்களில் எங்குமே இல்லை. விற்க உரிமையுள்ளவரின் கையெழுத்துக்கு இடமே விடப்பட்டிருக்கவில்லை.

நான்கு கேள்விகள்

மூன்றாமவரைத் தேடும்போது முறையை மாற்றினோம். விற்றவர்களிடம் விசாரிப்பதை விட்டு, வாங்கியவர்களிடம் விசாரித்தோம். விற்றவர் காசை எண்ணிக்கொண்டு போய்விடுகிறார். தரகர் சொன்னது உண்மையா என்பது ஆறு மாதம் கழித்து வாங்கியவருக்குத்தான் தெரியும். கந்தளாய்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையை வாங்கியிருந்தவர் ஒரு பெயரைச் சொன்னார். மட்டக்களப்பில் வசிப்பவர், 30 ஆண்டுகள் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுபவர். திருகோணமலையில் மூன்று மொழியும் ஓர் அலங்காரமல்ல. வாங்கக்கூடியவர் கிண்ணியாவிலோ மூதூரிலோ நீர்கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கலாம். அவரோடு விலை பேசும்போது இன்னொருவரின் மொழிபெயர்ப்பில் நம்பிக்கை வைக்க முடியாது.

அவரால் விற்றுக் கொடுக்க முடியாமல் போன ஒரு வியாபாரத்தின் பெயரைத் தருமாறு அவரிடமே கேட்டோம். தயங்காமல் ஒரு பேக்கரி உரிமையாளரின் இலக்கத்தைத் தந்தார். அந்தப் பேக்கரிக்காரர் சொன்னது: “விக்கேல்ல. ஆனா எனக்கு ஒரு நட்டமும் வரேல்ல, ஊருக்கும் தெரியாது.” எனக்கு அந்த ஒரு தொலைபேசி அழைப்பே போதுமாக இருந்தது.

2023 ஜூனில் அவர் முதன்முறை வந்தபோது விலை பற்றிப் பேசவில்லை. நான்கு விடயங்களைக் கேட்டார். உறுதி யாருடைய பெயரில்? 36 மாதங்களுக்கான மின்பட்டியல்கள் இருக்கின்றனவா? கடன் கொப்பியைப் பார்க்கலாமா? முதலாளி ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் கம்ப்ரெசரை நிறுத்தவும் ஓட்டவும் முடிவெடுப்பவர் யார்?

மின்பட்டியல்களோடு அவர் ஒரு முழு மாலையைக் கழித்தார். ஐஸ் ஆலையில் மின்சாரம்தான் மூலப்பொருள்; தண்ணீர் அதற்குப் பிறகே. எத்தனை அலகு எரிந்தது என்பதிலிருந்து எத்தனை தொன் உறைந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, என் விற்பனைப் பதிவுகளோடு மாதம் மாதமாக ஒப்பிட்டார். நூற்றுக்குப் பன்னிரண்டு இடித்தது. இரவில் சிறு வள்ளங்களுக்குக் கைக்காசுக்குக் கொடுத்த கட்டிகள் பதிவுக்கே வந்திருக்கவில்லை. எனக்குத் தரப்பட்ட துண்டுகளை வைத்துத்தான் நான் கணக்கெழுதினேன் என்று சொல்லலாம். ஆனால் 11 ஆண்டுகள் அந்தப் பட்டியல்களைக் கட்டணத்துக்காக மட்டும் பார்த்தவன் நான் என்பதும் உண்மை.

முதலாளி சிரித்துக்கொண்டே, அந்தப் பன்னிரண்டையும் இலாபத்தில் சேர்த்து விலை கேட்கலாம்தானே என்றார். இடைத்தரகர் சிரிக்கவில்லை. “சொல்லாத வருமானத்துக்கு விலை கேக்கேலாது ஐயா. கேட்டா, சொல்லாத வருமானம் இருக்கு எண்டு எழுத்தில குடுத்த மாதிரி.” ஜூலை முதல் ஒவ்வொரு கட்டியும் இலக்கமிட்ட பில்லில் போக வேண்டும், அந்தப் பருவம் முடிந்த பிறகுதான் எவருக்கும் கணக்குக் காட்டுவேன் என்றார். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. 2023இலேயே விற்றுவிட வேண்டும் என்று இருந்தார். கட்டணம் கைக்கு வருவதைத் தானாகவே பல மாதங்கள் தள்ளிப் போடும் ஓர் இடைத்தரகரை அதற்கு முன் நான் கண்டதில்லை.

இலாபக் கணக்கை அவர் திருத்திய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2022/23 வரி ஆண்டுக்கு என் கணக்கில் இலாபம் 31 இலட்சம். வீட்டு வாகனத்தின் லீசிங் 14 இலட்சம் வியாபாரச் செலவில் இருந்தது. அதை வெளியே எடுத்தார். டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐ எட்டிய ஆண்டில் கம்ப்ரெசரைப் பிரித்துப் பழுதுபார்த்த 22 இலட்சம் மீண்டும் மீண்டும் வராத செலவு. வங்கியில் எடுத்த மேலதிகப் பற்றுக்கான வட்டி 13 இலட்சம் முதலாளியின் கடனுக்குரியது. இவற்றைக் கூட்டினால் 80 இலட்சம். இதுவரை எந்தத் தரகரும் மகிழ்ச்சியோடு செய்வார். அதன் பிறகு அவர் கழிக்கத் தொடங்கினார். முதலாளி சம்பளம் எடுக்காமல் அதிகாலை 2 மணிக்கு எழுந்து பார்த்த வேலைக்கு ஒரு முகாமையாளரை வைத்தால் ஆண்டுக்கு 18 இலட்சம், மிகுதி 62. மனைவியின் காணிக்கு இதுவரை வாடகையே கொடுக்கப்படவில்லை. நியாயமான வாடகை ஆண்டுக்கு 15 இலட்சம் என்றால் மிகுதி 47. பருவம் முடிந்து புதிய பில்களோடு பார்த்தபோதும் இந்தத் தொகை அதிகம் அசையவில்லை. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறிய மின்கட்டணம், பதிவுக்கு வந்த கூடுதல் விற்பனையை விழுங்கியிருந்தது. இந்த அளவிலான, கடலையும் ஒரு தொழிலாளியையும் நம்பியிருக்கும் ஒரு வியாபாரத்துக்கு விலையாக மூன்று ஆண்டு இலாபம் பொருத்தம் என்றார்: 1 கோடி 41 இலட்சம்.

வாடகையைக் கழித்த அந்த ஒரு வரியில்தான் விற்பனையின் உருவம் மாறியது. காணியை விற்க வேண்டாம், வியாபாரத்தை மட்டும் விற்று, 62 பேர்ச்சை 15 ஆண்டுகளுக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்பது அவருடைய ஆலோசனை. காணியையும் சேர்த்து வாங்கக்கூடியவர்கள் ஊரில் ஐந்தாறு பேர். அவர்களில் பாதிப் பேருக்கு ஐஸ் தேவையில்லை. வியாபாரத்தை மட்டும் வாங்கக்கூடியவர்கள் அதைவிடப் பலர். சீதனக் காணி பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சும் என்பது மனைவிக்குப் பெரிய ஆறுதல். அவர் அன்றுதான் முதன்முறையாகப் பேச்சில் முழுமையாகக் கலந்துகொண்டார்.

இரண்டு பக்க ஒப்பந்தம்

அவரோடு செய்த ஒப்பந்தம் தமிழில் இரண்டு பக்கம். கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டார்கள். ஆயத்த வேலைக்கு ஒன்றரை இலட்சம் முன்பணம். விற்பனை நடந்தால் கட்டணத்தில் கழிக்கப்படும். 1 கோடி 30 இலட்சம் வரை 4 சதவீதம், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 8 சதவீதம். 3 சதவீதத் தரகர் விலையை 10 இலட்சம் உயர்த்திப் பேசினால் அவருக்குக் கூடுவது 30,000 ரூபாய். அதற்காக இன்னும் இரண்டு மாதம் அலைய எவருக்கும் மனம் வராது, இருப்பதற்கு முடித்துவிடச் சொல்வதே மனித இயல்பு. 8 சதவீதம் என்றால் அது 80,000. குத்தகைப் பணத்துக்குக் கட்டணம் இல்லை. விற்பனைப் பணம் கைக்கு வரும்போது மட்டுமே அந்தப் பங்குக்கான கட்டணம். வாங்குபவரிடமிருந்து எந்த வடிவிலும் எதுவும் பெறக்கூடாது. ஒப்பந்தம் முடிந்த பின் 12 மாதங்களுக்கு, அவர் எழுத்தில் பெயர் தந்து அறிமுகம் செய்தவர்களுக்கு விற்றால் மட்டும் கட்டணம் உண்டு. 4 சதவீதத்தை 3 ஆக்குவதற்கு முதலாளி ஒரு மணி நேரம் பேரம் பேசினார். என் கருத்தில் அது வீண். இந்த மற்ற வரிகள்தான் பெறுமதியானவை.

இரகசியம் காப்பது திருகோணமலை போன்ற ஊரில் எளிதல்ல. ஆலையின் பெயர் போடாத ஒரு பக்கக் குறிப்பை அவர் தயாரித்தபோது, “10 தொன் கட்டி ஐஸ்” என்ற சொற்களே பெயரைச் சொல்லிவிடும் என்று கண்டு, “கிழக்கு மாகாணத்தில் குளிரூட்டல் சார்ந்த தொழில்” என்று மாற்றினோம். அணுகக்கூடிய 17 பேரின் பட்டியலை முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி நால்வரை வெட்டினார், அதில் ஒருவர் சொந்த மச்சான். இரகசிய உறுதிமொழியில் கையெழுத்திட்டவர்கள் 9 பேர், ஆலையைப் பார்க்க வந்தவர்கள் 4 பேர், விலை சொன்னவர்கள் இருவர். கம்ப்ரெசர் பார்க்கும் தொழிலாளிக்கு மட்டும் முன்கூட்டியே விடயம் சொல்லப்பட்டது. கைமாறிய பிறகு ஓராண்டு நின்றால் இரண்டு மாதச் சம்பளம் மேலதிகமாக என்று எழுத்தில் கொடுத்தோம். அவர் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இதை முதல்லயே சொல்லியிருக்கலாம் முதலாளி” என்றார்.

இரண்டு விலைகளில் ஒன்று 1 கோடி 55 இலட்சம். ஆனால் கையில் 60, மிகுதி மூன்று ஆண்டுகளில் இலாபத்திலிருந்து. மற்றது 1 கோடி 38 இலட்சம். கையெழுத்தன்று 95, பருவம் முடிந்ததும் 28, மிகுதி 15 சில விடயங்கள் தீரும்வரை தடுத்து வைக்கப்படும். சொல்லப்பட்ட தொகைப்படி முதலாவதில் இடைத்தரகருக்குக் கட்டணம் கூட. அவர் இரண்டாவதைப் பரிந்துரைத்தார். அவருடைய நேர்மையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பணம் கைக்கு வரும்போது மட்டுமே கட்டணம் என்ற வரி, அந்த ஆலோசனையைச் சொல்வதை அவருக்கு எளிதாக்கியது. வாங்கியவர் மேற்குக் கரையில் பலநாள் படகுகள் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர்; தன் படகுகளுக்கே இங்கே ஐஸ் தேவைப்பட்டது.

அவரும் தவறவிட்டது

இடைத்தரகர் நிறைவானவர் என்று எழுதினால் அது பொய்யாகும். வரி விடயத்தில் அவர் பலவீனமானவர். காணி, யந்திரம், நற்பெயர் என விலையைப் பிரித்து எழுதுவதில் வரி எவ்வளவு மாறும் என்பதை நானும் ஒரு வரி ஆலோசகரும்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரியது பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும் தொழிலாளிக்கு அவருடைய சேவைக்காலத்துக்காகக் கொடுக்க வேண்டிய தொகை. நிரந்தரத் தொழிலாளர் 13 பேர் என்பதால் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது என்று முதலாளி நம்பியிருந்தார். நானும் மறுக்கவில்லை, இடைத்தரகரும் கேட்கவில்லை. வாங்குபவரின் கணக்காளர் சம்பளப் பதிவில் 2023 ஜூலையை விரலால் தொட்டார். பருவத்துக்கு எடுத்த 6 பேரையும் சேர்த்து அந்த மாதம் 19 பேர். முந்திய 12 மாதங்களில் எந்தவொரு நாளிலாவது 15 பேர் வேலை செய்திருந்தால் சட்டம் பொருந்தும். 5 ஆண்டுகள் முடித்த ஒவ்வொருவருக்கும் சேவை ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். கூட்டிப் பார்த்ததில் 11 இலட்சம். தொழிலாளரின் சேவைக்காலத்தை முறியாமல் வாங்குபவர் ஏற்றுக்கொண்டு, அந்த 11 இலட்சத்தை, தடுத்து வைத்த 15 இலட்சத்திலிருந்து கழித்துக்கொள்வது என்று முடிந்தது. ஆகவே கடைசியில் கைக்கு வந்தது 1 கோடி 27 இலட்சம். கட்டணம் 5 இலட்சத்து 8 ஆயிரம். முன்பணம் போக இடைத்தரகருக்குக் கொடுத்தது 3 இலட்சத்து 58 ஆயிரம். பணிக்கொடையை முன்பே கண்டிருந்தால் விலை பேசும்போதே அதைச் சொல்லி வேறு விதமாக முடித்திருக்கலாம் என்பது என் எண்ணம். அந்தத் தவறில் பெரிய பங்கு என்னுடையது.

காணியோடு சேர்த்து விற்றிருந்தால் கூடுதலாக வந்திருக்கும் என்று, பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்பட்ட அந்த மச்சான் இன்றைக்கும் சொல்கிறார். தரகர் சொன்ன நாலரை இலட்சப்படி 62 பேர்ச்சுக்கு 2 கோடி 79 இலட்சம். உண்மையில் பேசப்பட்ட 3 இலட்சப்படி 1 கோடி 86 இலட்சம், அதிலும் ஆலையை உடைக்கும் செலவும் 13 பேரின் பணிக்கொடையும் போக வேண்டும். உடனடியாகப் பெரிய தொகை தேவைப்பட்ட குடும்பமாக இருந்தால் மச்சான் சொல்வதில் நியாயம் இருந்திருக்கும். இவர்களுக்கு அந்தத் தேவை இருக்கவில்லை.

குத்தகை உறுதி நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டுக் காணிப் பதிவகத்தில் பதிவாகியது. மின் இணைப்பைப் பெயர் மாற்ற ஐந்து மாதம் பிடித்தது. பழைய சீஆர் கொப்பி விற்பனையில் சேரவில்லை. முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு 2024 பருவம் முழுவதும் வாசலில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, 41 இலட்சத்தில் 33 இலட்சத்தைச் சிவப்புக் கோட்டுக்குள் கொண்டுவந்தார். அந்த 30 பேர்ச் அரச காணிக்குப் புதிய உரிமையாளர் கொடுத்த விண்ணப்பம், நான் இதை எழுதும்போதும் பிரதேச செயலகத்தில்தான் இருக்கிறது. லொறிகள் அதே மேடையில் ஏற்றிக்கொண்டு போகின்றன. மாதம் ஒன்றேகால் இலட்சம் வாடகை முதலாளியின் மனைவியின் கணக்குக்கு வந்து சேர்கிறது.